ஸ்கேன் அறிக்கையில் கல்நாரின் தடம்: மதுரைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் ஒரு சி.டி. ஸ்கேன் அறையில் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். நான் மருத்துவர் அல்லன். அறிக்கை எழுதுவது ரேடியாலஜி மருத்துவரின் பொறுப்பு, சிகிச்சையை முடிவு செய்வது நெஞ்சுநோய் மருத்துவரின் பொறுப்பு. படம் எடுப்பதும், எடுப்பதற்கு முன் வந்தவரிடம் இரண்டு வார்த்தை விசாரிப்பதும்தான் என் வேலை. அந்த இரண்டு வார்த்தைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை எனக்கு உணர்த்தியவர் வில்லாபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர்.

நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்காக வந்திருந்த அவருடைய சீட்டில் வயது 66, ஆண், பீடிப் பழக்கம் உண்டு என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. படம் திரையில் ஓடியபோது, இரு பக்கமும் உதரவிதானத்தின், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையின் முகட்டில் சுண்ணாம்புக் குச்சியால் இழுத்தது போல வெள்ளைக் கோடு தெரிந்தது. விலா எலும்புகளின் உட்புறத்தில், மெழுகு வழிந்து உறைந்தது போலச் சிறு சிறு திட்டுகள் ஒட்டியிருந்தன. படுக்கையிலிருந்து இறங்கியவரிடம், "ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன். "லாரிப் பட்டறை தம்பி. பிரேக் லைனர் மாத்துறது. முப்பது வருசம்" என்றார். தூசி இருக்குமா என்று கேட்டதற்கு, "டிரம்மைக் கழட்டி ஏர் அடிச்சா மூஞ்சியெல்லாம் அப்பிக்கும், துப்பினா எச்சியே கறுப்பா வரும்" என்றார்.

இந்த ஒரு வரியை நான் சீட்டில் சேர்த்து எழுதியபின் அறிக்கையின் முடிவுரை அதற்கேற்ப அமைந்தது. கல்நார்த் தூசியால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் திட்டுகள் என்றும், புற்றுநோய்க்கான அடையாளம் இப்போது இல்லை என்றும், ஓராண்டு கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர் எழுதினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் இதே திட்டுகளைக் காசநோய்த் தழும்பு என்று படித்து, சளியில் கிருமி இல்லாத நிலையிலும் அவருக்கு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய வேலை என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இந்த வழிகாட்டியை நான் எழுதுவதற்கு அதுவே காரணம்.

கல்நார் என்று பாடப்புத்தகம் சொல்வதை நம் ஊரில் ஆஸ்பெட்டாஸ் என்போம். மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்படும் தாது அது. பஞ்சைப் போல நார் நாராகப் பிரியும், நெருப்பில் எரியாது. பிரியப் பிரியக் கண்ணுக்குத் தெரியாத இழையாகி, மூச்சோடு நுரையீரலின் கடைசி நுனி வரை போய்த் தங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதன் எல்லா வகைகளையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவிலோ வெள்ளைக் கல்நார் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி, சிமெண்ட் ஷீட்டாக இன்றும் கடையில் கிடைக்கிறது.

யாருக்கு இந்த ஸ்கேன்

ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குச் செய்வது. சளியில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் கம்மல், ஒரு பக்க நெஞ்சுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஸ்கிரீனிங் சீட்டோடு வரக் கூடாது. நேராக மருத்துவரிடம் போய், நோயைக் கண்டறிவதற்கான முழுப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் அரசின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரவலான பரிசோதனை உண்டு, நுரையீரலுக்கு இல்லை. ஆகவே மருத்துவர் சொல்லியோ, தனியார் பரிசோதனைத் தொகுப்பின் வழியாகவோதான் இந்த ஸ்கேனுக்கு ஆட்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்ட புகைப்பழக்கம் உள்ளவர்களிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வு, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரை, 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகளுக்கு ஈடாகப் புகைத்தவர்களுக்கு, இன்னும் புகைப்பவராகவோ நிறுத்தி 15 ஆண்டுகளுக்குள் இருப்பவராகவோ இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஸ்கேன் தகும் என்கிறது. அந்த வரையறையில் கல்நார் பற்றிப் பேச்சில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1997இல் கூடி, 2014இல் தன் வரையறையைப் புதுப்பித்த வல்லுநர் குழுதான், கல்நாரில் வேலை பார்த்ததையும் புகைப்பழக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஆபத்து அதே அளவை எட்டுபவர்களுக்கும் இது பொருந்தும் என்று சொன்னது. 35 வயதில், புகைப்பழக்கமோ தூசி வேலையோ இல்லாத ஒருவர் தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்பதற்காக இதை எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்குப் பயனைவிடக் கவலைதான் மிஞ்சும்.

ஒரு பக்க வேலை வரலாறு

ஸ்கேனுக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டிய தலையாய வேலை இதுதான். இதற்கு ஒரு மாலைப் பொழுதும் ஒரு முழுத்தாளும் போதும். கல்நார் நோய்கள் பெரும்பாலும் தூசி பட்டு 20 ஆண்டுகளுக்குப் பிறகே தலைகாட்டும். சிலவற்றுக்கு 40 ஆண்டுகள்கூட ஆகும். அதனால் இப்போதைய வேலையை எழுதுவதில் பயனில்லை. பதினெட்டு, இருபது வயதில் முதன்முதலாகக் கூலிக்குப் போன இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இடப்பக்கம் ஆண்டு, நடுவில் வேலை செய்த இடம், வலப்பக்கம் கையால் செய்த வேலை என்று மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'மில் தொழிலாளி' என்று மட்டும் எழுதினால் போதாது. ஸ்பின்னிங்கில் நின்றவருக்குப் பஞ்சுத் தூசி. பாய்லர் ஹவுஸில் நின்றவருக்கு நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த வெள்ளைப் பூச்சின் தூசி. ஒரே மில், ஒரே சம்பளச் சீட்டு, ஆனால் நுரையீரலின் கதை வேறு.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்தெந்த வேலைகளில் கல்நார் கையில் பட்டிருக்கும் என்பதை, என்னிடம் வந்தவர்கள் சொன்னவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன். நூற்பாலைகளில் பாய்லர் கதவுக்கு இடுக்கில் வைக்கும் கயிறு, வால்வுகளுக்குள் திணிக்கும் பேக்கிங், குழாய் உறையைப் பிய்த்து மாற்றும் வேலை. மீட்டர்கேஜ் காலத்து நீராவி இன்ஜின்களைப் பராமரித்த ரயில்வே வேலை. பேருந்து, லாரிப் பட்டறைகளில் பிரேக் லைனர், கிளட்ச் பிளேட் மாற்றுவது. வார்ப்படப் பட்டறையிலும் வெல்டிங்கிலும் சூடு தாங்குவதற்குப் போர்த்திய துணி, போட்ட கையுறை. ஷீட் கூரை போடுபவர்கள், அதில் துளையிட்டவர்கள், கட்டர் வைத்து அறுத்தவர்கள். குடிநீர், சாக்கடைக்குப் பதித்த பழைய சிமெண்ட் குழாய்களை வெட்டிய பிளம்பர்கள். கப்பல் கட்டும் தளத்துக்கும் கப்பல் உடைக்கும் இடத்துக்கும் போய்த் திரும்பியவர்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இளவயதில் இரண்டு வருடம் அப்படி ஒரு கப்பல் தளத்துக்காக வெளிநாடு போய் வந்ததை ஒரு வேலையாகவே அவர்கள் கருதுவதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, மூடிய அறையா திறந்தவெளியா, தூசி கண்ணுக்குத் தெரிந்ததா, வாயில் துண்டைக் கட்டியதைத் தவிர வேறு பாதுகாப்பு இருந்ததா என்பதையும் எழுதுங்கள். நினைவு தடுமாறினால் கூட வேலை பார்த்தவரிடம் கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் ஆண்டுக்கணக்கு தானாக வந்துவிடும். அடியில் பீடி, சிகரெட் கணக்கு வரட்டும்: எந்த வயதில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது நிறுத்தினீர்கள். வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருக்கும்போது குறைத்துச் சொல்வதும், தனியாக இருக்கும்போது சரியாகச் சொல்வதும் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் தாளில் உண்மையான எண்ணிக்கைதான் வேண்டும். காசநோய்க்கு எப்போதாவது மருந்து சாப்பிட்டிருந்தால் அந்த ஆண்டும், நெஞ்சில் அடிபட்டதோ விலா முறிந்ததோ இருந்தால் அதுவும் சேரட்டும். இவை இரண்டும் உறையில் தழும்பை விட்டுச் செல்லக்கூடியவை.

இந்தத் தாளின் நகலை ஸ்கேன் சீட்டோடு பின் செய்து கொடுங்கள். கவுண்டரில் இருப்பவர் வேண்டாம் என்றாலும், "டாக்டர் பார்க்கணும்" என்று பணிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

படுக்கையில் என்ன நடக்கும்

பெரிதாக ஒன்றுமில்லை. வெறும் வயிறு வேண்டாம், ஊசி மருந்து கிடையாது, சங்கிலியையும் சட்டைப்பையில் உள்ளதையும் கழற்றி வைத்தால் போதும். மூச்சை இழுத்து 10 விநாடிக்குள் அடக்கியிருக்கும் நேரத்தில் படம் முடிந்துவிடும். கதிர்வீச்சு, அதை அளக்கும் அலகில் 1.5 மில்லிசீவெர்ட் அளவு. வழக்கமான நெஞ்சு சி.டி.யில் இது 7 அளவுக்கு வரும். நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டிருக்கும் நாளில் வராதீர்கள். தொற்றால் வரும் சிறு முடிச்சுகள் வீணாகப் பயமுறுத்தும்.

ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் கீழ்ப்பகுதியும் முதுகுப் பக்கமும் பாரத்தால் அமுங்கி, படத்தில் மங்கலாகத் தெரிவது உண்டு. கல்நாரால் நுரையீரல் இறுகும் நோயும் முதலில் தெரிவது அதே இடத்தில்தான். சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்கவைத்து இன்னொருமுறை எடுப்போம். பாரத்தால் வந்த மங்கலாக இருந்தால் கலைந்துவிடும். நோயாக இருந்தால் அப்படியே நிற்கும். மறுபடி படுக்கச் சொன்னால் ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம்.

முடிந்ததும் ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், முழுப் படமும் பதிந்த வட்டைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட அதுதான் வேண்டும்.

அறிக்கையைப் படிப்பது

ஸ்கிரீனிங் அறிக்கையின் முடிவில் 'லங்-ராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். நுரையீரலுக்குள் இருக்கும் முடிச்சுகளின் தன்மையையும் அளவையும் வைத்துத் தரும் தரவரிசை இது. 1, 2 என்றால் ஓராண்டு கழித்து வந்தால் போதும். 3 என்றால் 6 மாதத்தில் மறுபடம். 4ஏ என்றால் 3 மாதத்தில் மறுபடமோ வேறு பரிசோதனையோ. 4பி, 4எக்ஸ் என்றால் காத்திருக்காமல் நெஞ்சுநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கெட்டியான முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் முதல் ஸ்கேனில் அது 2ஆம் தரத்திலேயே அடங்கும். முன்னே சொன்ன அமெரிக்க ஆய்வில், 'ஏதோ இருக்கிறது' என்று வந்த முடிவுகளில் 100க்கு 95க்கும் மேல் புற்றுநோயாக இல்லை. எண் 3 என்று பார்த்ததும் அன்றிரவே உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி அழ வேண்டியதில்லை.

கல்நாரின் தடம் பெரும்பாலும் அந்த எண்ணுக்குள் வராது. அறிக்கையின் நடுவில், நுரையீரல் உறையைப் பற்றிய வரிகளில்தான் அது ஒளிந்திருக்கும். எண் 2 என்று பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமல் மடித்து வைப்பவர்கள் பலர். அந்த நடுப்பகுதியைக் கண்டிப்பாகப் படியுங்கள், அல்லது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

'பிளூரல் பிளேக்' என்றால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் வெளிப்படலத்தில், நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிய பக்கத்தில் படிந்த தடித்த திட்டு. வருடம் ஆக ஆக அதில் கால்சியம் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். வழக்கமாக இரு பக்கமும் இருக்கும், உதரவிதான முகட்டிலும் நடு, கீழ் விலாக்களின் பின்புறத்திலும் அமையும். நுரையீரலின் உச்சியையும் அடி மூலைகளையும் விட்டுவைக்கும். பிளேக் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை, பெரும்பாலும் மூச்சுத்திணறலும் தராது. அதை அறுத்தெடுக்க வேண்டாம்; மருந்தும் கிடையாது. ஆனால் கல்நார் இழை உங்கள் உடம்புக்குள் போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அந்த இழையால் வரக்கூடிய மற்றவற்றைக் கவனித்துவர வேண்டிய ஆள் நீங்கள் என்று அது அடையாளம் காட்டுகிறது. என் அனுபவத்தில் குடும்பங்கள் இதன் பாதியைத்தான் கேட்டுக்கொள்கின்றன: சிலர் 'புற்றுநோய்' என்று பதறுகிறார்கள், சிலர் 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

இதைக் காசநோய்த் தழும்போடு குழப்பிக்கொள்வது நம் பகுதியில் மிகச் சாதாரணம், ஏனென்றால் காசநோய் இங்கே அவ்வளவு பரவலாக இருக்கிறது. காசநோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தை அதிகம் தாக்கும், நுரையீரலின் உச்சியில் தழும்பு விடும், உறையில் சீழ் கட்டி ஆறியிருந்தால் ஒரு பக்கம் முழுவதும் ஓடுபோலக் கெட்டியாக்கிவிடும். மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிரானைட் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு வேறொரு படம் வரும். சிலிக்காத் தூசி நுரையீரலின் மேல்பாதியில் சின்னச் சின்ன முடிச்சுகளை உண்டாக்கும். நெஞ்சின் நடுவிலுள்ள நெறிக்கட்டிகளில் முட்டையோடு போலச் சுண்ணாம்பு படியலாம். பருத்த உடம்புக்காரர்களுக்கு விலா எலும்பின் உட்புறக் கொழுப்பே பிளேக் போலத் தோற்றம் தருவதும் உண்டு. இவற்றையெல்லாம் பிரித்தறிய மருத்துவருக்குக் கைகொடுப்பது அந்த ஒரு பக்கத் தாள்தான்.

அறிக்கையில் வரக்கூடிய வேறு சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். 'டிஃப்யூஸ் பிளூரல் திக்கனிங்' என்பது உறை பரவலாகத் தடித்து, நுரையீரல் விரிவதையே தடுக்கும் நிலை. இதில் மூச்சு வாங்குவது உண்டு. 'ரவுண்டட் அட்டலெக்டாசிஸ்' என்பது தடித்த உறையோடு நுரையீரலின் ஒரு துண்டு சுருண்டு மடங்கி, கட்டி போலத் தெரிவது. இரத்தக் குழாய்கள் வால்நட்சத்திரத்தின் வால் போல வளைந்து அதற்குள் போவதை வைத்து மருத்துவர் இதை அடையாளம் காண்பார். கட்டி என்று எண்ணி ஊசி குத்துவதற்கு முன் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்கலாம். 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்பது நுரையீரலே தழும்பேறி இறுகும் நோய். கீழ்ப்பகுதியில், உறையை ஒட்டிய கோடுகளாகத் தொடங்கி, முற்றினால் தேன்கூடு போல ஆகும். இதற்குப் பொதுவாகப் பல ஆண்டுத் தூசி வேண்டும்.

மீசோதீலியோமா என்ற பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். உறையிலேயே தோன்றும் இந்தப் புற்றுநோய் அரிது. பீடி, சிகரெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்நார்தான் இதன் முதன்மைக் காரணம். ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து, எடுக்க எடுக்கத் திரும்பச் சேர்வது, விடாத நெஞ்சுவலி, உறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்து மேடும் பள்ளமுமாக நுரையீரலைச் சுற்றி வளைப்பது ஆகியவை எச்சரிக்கைகள். நெஞ்சில் நீர் என்றதும் மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது நம் ஊரில் நியாயமே. ஆனால் கல்நார் வேலை பார்த்தவருக்கு நீர் சேர்ந்து, அந்த நீரில் காசநோய்க்கான ஆதாரமும் தெளிவாக இல்லை என்றால், மாத்திரையைத் தொடங்கிக் காத்திருப்பதைவிட உறையிலிருந்து திசு எடுத்துப் பார்க்கலாமா, நெஞ்சுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் தொராக்கோஸ்கோபி செய்யலாமா என்று கேட்பது உங்கள் உரிமை.

அதன் பின் வரும் மாதங்கள்

பிளேக் என்று வந்தால் நெஞ்சுநோய் மருத்துவரை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், தோப்பூரிலுள்ள அரசு நெஞ்சுநோய் மருத்துவமனையிலும் அதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குத் தத்தனேரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார், விரல் நுனிகள் பருத்திருக்கின்றனவா என்று பார்ப்பார், குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரியும் முடிந்தால், நுரையீரலிலிருந்து வாயு இரத்தத்துக்குள் எவ்வளவு போகிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும் எழுதுவார். இவை இன்றைய அளவு என்ன என்பதைப் பதிவு செய்துவைப்பதற்காக. இரண்டு ஆண்டு கழித்து மூச்சு வாங்கும்போது ஒப்பிட இவை இல்லாவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

புகையை நிறுத்துவது பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் கல்நார்க்காரருக்கு இதன் கணக்கே வேறு. அமெரிக்காவில் குழாய், பாய்லர் போன்றவற்றுக்குச் சூடு காக்கும் உறை போடும் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட முடிவில், கல்நாரும் புகையும் இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட, கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோய் மரணம் சுமார் 5 மடங்கு, புகைத்தவருக்குச் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். உள்ளே போன இழையை வெளியே எடுக்க முடியாது, பீடியை நிறுத்த முடியும். புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் உதவி கிடைக்கும். ஆஸ்பெஸ்டோசிஸ் இருப்பவர்கள் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

காகிதங்கள்

உடம்பைப் பார்த்த பிறகு காகிதத்தைப் பார்க்க வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்பெஸ்டோசிஸ் வந்தால் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே அதைச் சேர்த்திருந்தது. ஆஸ்பெஸ்டோசிஸும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் தொழில்சார் நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தவை. பிளேக் மட்டும் இருப்பது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஆனால் பின்னாளில் நோய் வந்தால் பிளேக் உள்ள அறிக்கை பெரிய ஆதாரம். அதனாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். பிளேக்கோடு நுரையீரல் புற்றுநோய் வந்தாலும், கல்நாரால்தான் வந்தது என்று சொல்ல அந்தத் திட்டு மட்டும் போதாது, தூசியில் நெடுங்காலம் வேலை பார்த்த வரலாறும் வேண்டும் என்பதே ஹெல்சிங்கிக் குழுவின் கருத்து.

1995 ஜனவரி 27 அன்று, நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலகங்கள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கல்நார்த் தொழிலகத்தில் வேலை பார்த்திருந்தால், உங்கள் பதிவின் நகலைப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். லாரிப் பட்டறை போன்ற சிறு இடங்களில் அப்படி ஒரு பதிவே இருக்காது. அங்கே பி.எஃப். சீட்டு, பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை, போனஸ் ரசீது, சங்கத்துக்குச் சந்தா கட்டிய துண்டு, கூட வேலை பார்த்த இருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஆகியவைதான் சாட்சி. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் ஐந்து ஆண்டுகளாவது இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்ற விதி இருக்கிறது; இதைத் தெரியாமல் விட்டவர்கள் ஏராளம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் கையில் கொண்டுபோங்கள். இழப்பீடு கோருவதற்குக் காலவரம்பு உண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரமும் உண்டு. நோய் உறுதியான அதே மாதத்தில் தொழிற்சங்கத்தையோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ அணுகுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

வீட்டுக் கூரை ஷீட்டாக இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். உடையாத ஷீட்டிலிருந்து இழை அவ்வளவாக வெளியே வராது. அறுப்பது, துளையிடுவது, உலர்ந்த பாசியைச் சுரண்டுவது, நொறுங்கிய துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்குவது ஆகியவைதான் ஆபத்து. ஐப்பசி மழைக்கு முன் கூரையைச் சரிபார்ப்பவர்கள் ஷீட்டை நன்றாக நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கும் வேலிக்கும் எடுத்து வைக்க வேண்டாம். பிள்ளைகள் அதை வைத்துத் தரையில் கோடு கிழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போனவரின் சட்டையில் ஒட்டிவந்த தூசி, அதை உதறித் துவைத்தவரின் மூச்சிலும் போயிருக்கும். வேலைக்கே போகாத மனைவிமார்களுக்கு உறைத் திட்டும் மீசோதீலியோமாவும் வந்திருப்பதை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. ஆகவே அவர்கள் பெயரிலும் ஒரு தாள் எழுதி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்து மருத்துவரிடம் போகும் நாளில் கையில் கொடுத்தனுப்புங்கள். வில்லாபுரத்துப் பெரியவர் இந்த ஆண்டுப் படத்துக்கு வந்தபோது, பழைய வட்டின் உறைக்குள் தன் வேலை வரலாற்றை நான்காக மடித்து வைத்திருந்தார். பேத்தி எழுதிக் கொடுத்ததாம், எழுத்து முத்து முத்தாக இருந்தது. பிரேக் லைனர் வேலைக்குக் கீழே, கோடு போட்டுப் பிரித்து, மனைவியின் பெயரையும் அதற்கு எதிரே இரண்டு சொற்களையும் எழுதியிருந்தார்கள்: 'காக்கிச்சட்டை துவைத்தது, 28 வருடம்.'